குடலிறக்க பெல்ட்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி கமலவேணி, செவிலிமேட்டிலிருந்து வந்திருந்த அவள் அக்கா கங்கையம்மாள், தையல்காரர் சிட்டிபாபு. ஆக நான்கு. ரிவால்வரையும் ஓர் ஆளாகச் சேர்த்தால் ஐந்து.

ரிவால்வருக்கு லைசென்ஸ் உண்டு. நான் ஜரிகை வியாபாரி. மாதம் ஒரு முறை பட்டணம் போய் ஜரிகை வாங்கி பஸ்ஸில் கொண்டுவருவேன். போன மாதம் வழியில் யாரோ ஒருவருடைய பையை அறுத்துவிட்டார்கள். இனிமேல் ஆயுதத்தோடுதான் போவது என்று தீர்மானித்தேன். கமலவேணிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் பயணமே ரத்து. யாரையும் கேட்காமல் நான் கோதுமை அல்வா சாப்பிடுவது அந்த ஒரு நாள்தான்.

ஆனால் வேட்டி கட்டுகிறவன் ரிவால்வரை எங்கே வைப்பது? மடியில் வைத்தேன். வேட்டி அவிழ்ந்தது. பனியனுக்குள் வைத்தேன். தொப்பைக்கு மேல் இன்னொரு தொப்பை. அக்குளில் கட்டிப் பார்த்தேன். தூக்கிய கை இறங்கவில்லை. தெருவில் போன பஸ் நின்றுவிட்டது.

கடைசியில் மருந்துக் கடையில் குடலிறக்க பெல்ட் கண்ணில் பட்டது. நல்ல அகலம். உள்ளே மெத்தை. இறுக்கம் கச்சிதம். வாங்கிவிட்டேன். ரிவால்வருக்கு ஓர் உறையை மட்டும் அதில் தைக்கவேண்டும். சிட்டிபாபுவை வரச்சொன்னேன்.

"எதுக்கண்ணா உறை?"

"மெதுவா பேசுப்பா. ஒரு சாமானுக்கு."

"எவ்ளோ நீளம்?"

"ஏழரை அங்குலம்."

சிட்டிபாபு பெல்ட்டைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார். "அவ்ளோவா எறங்கிப்போச்சு?"

அதற்குள் கமலவேணி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "இன்னா எறங்கிச்சு?"

"அண்ணாவுக்குக் குடலு எறங்கிச்சும்மா. ஏழரை அங்குலம்."

உண்மையைச் சொன்னால் அல்வா போச்சு. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வலிக்குதா?" என்றாள் கமலவேணி.

"லேசா."

"சுடுதா?"

"இதுவரைக்கும் சுடல."

"குண்டு குண்டா இருக்குதா?"

"ஆமா."

"எத்தினி?"

"ஆறு" என்றேன். கணக்கில் நான் தவறுவதில்லை. இவள் ஏன் எண்ணிக்கை கேட்கிறாள் என்றுதான் புரியவில்லை.

கங்கையம்மாள் பெருமூச்சு விட்டாள். "எங்க பக்கத்து வூட்டுக்காரரு இதோட பஸ்ல குலுங்கிக்கினு போனாரு. வர்றப்போ படுத்துக்கினு வந்தாரு."

"அப்போ நீங்க போவாதீங்க" என்றாள் கமலவேணி. "நானும் அக்காவும் போயி ஜரிகைய வாங்கியாறோம். உங்களுக்குக் கஞ்சி வெச்சிருக்கேன். உப்பு போடல."

சிட்டிபாபு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். நான் உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்தேன். ரிவால்வர் இல்லை. திரும்பி ஓடிவந்தேன்.

"ஓடாதீங்க. இன்னும் எறங்கும்."

"கமலம், பெட்டியில ஒண்ணு வெச்சிருந்தேன்…"

அவள் புடவைக் கொசுவத்தைத் தட்டினாள். டொக்கென்றது.

"காலையிலேர்ந்து இங்கதான் இருக்குது. உங்களுக்குக் காபி குடுத்தேன், பெருக்கினேன், குனிஞ்சேன், நிமிர்ந்தேன். யாருக்காச்சும் தெரிஞ்சுதா? குண்டு ஆறும் அரிசிப் பானையில. ஜரிகையும் இப்பிடித்தான் வரும். பெல்ட்டாம், உறையாம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நாலு நாளா கண்ணாடி முன்னாடி ஒளிச்சு ஒளிச்சுப் பார்த்துக்கினு இருந்தீங்களே. அல்வா எந்தக் கடைங்க?"

கடையின் பெயரைச் சொன்னேன். வேறு வழி?

ரிவால்வரை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு அக்காவோடு பஸ் ஏறினாள். சிட்டிபாபு தெரு முழுவதும் சொல்லிவிட்டிருந்தார். பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

காலையில் ஐந்து. பெட்டிக்குள் பூட்டியதைத் தள்ளினால் மீதி ஒன்று. அதுவும் பெல்ட் போட்டுக்கொண்டு படுத்திருந்தது.