ராத்தாவின் காலடியும் குவாண்டத்தின் நேர்முகமும்

மனிதரை நிம்மதியாக நடக்கவிடாத ஒரே ஆள் மாத்தளை மாவட்டத்திலேயே எங்கள் குவாண்டம்தான். எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுன் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன். பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் இருந்தது. டவுனை ஒட்டிய அலுவிகாரையில், கீழே வீட்டுக்கார முஸ்லிம் அக்கா, எங்களுக்கு ராத்தா; மரப்படி ஏறினால் மேலே பலகைத் தளம் போட்ட அறையில் குவாண்டமும் நானும்.

அந்த அறையில் இரண்டு நாற்காலிகளின் மேல் ஒரு பலகை, பலகையில் இரண்டு பெண்டுலக் கடிகாரங்கள். ஆளுக்கொரு பக்கம் ஆடத் தொடங்கி, அரை மணி நேரத்தில் பேசி வைத்ததுபோல் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். அதுவரை நான் தரையில் கால் வைக்கக் கூடாது.

"ஏன்டா இந்தக் கொடுமை?"

"மச்சான், ரெண்டும் பலகை வழியாத்தான் பேசிக்குது. ஒத்து ஆடுறப்ப வெளியில சின்னதா ஒரு அசைவு வந்தாலும் தெரிஞ்சிரும். அணு அளவுலயும் இப்படி ஒத்து ஆடுற விஷயங்க இருக்கு. அதையே வச்சு ரொம்ப ரொம்ப நுணுக்கமா அளக்கலாம். அந்தச் சம்பந்தத்தைத்தான் நான் ஆராயணும்."

"எனக்கு அவசரமா பாத்ரூம் போகணும்டா!"

"இன்னும் ஏழு நிமிஷம் பொறு."

ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி இடத்துக்கு இணையத்தில் நேர்முகம் வைத்தது. ஏற்கெனவே இரண்டு பல்கலைக்கழகங்கள் கையை விரித்திருந்தன. இதுவும் போனால் ஆசையை மூட்டை கட்டிவிடுவதாகக் குவாண்டம் சொல்லியிருந்தான். அன்று நான் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவன், கொசு கடித்தும் சொறியவில்லை. கடிகாரங்கள் ஒத்து ஆடின. கணினித் திரையில் மூன்று பேராசிரியர்கள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண்டுலம் தடுமாறியது.  குவாண்டம் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஆட்டம் பிசகிய அளவை வைத்தே ஆங்கிலத்தில் அறிவித்தான்: எங்கள் வீட்டுக்கார அம்மா இப்போது மூன்றாவது படியில் நிற்கிறார், கையில் ஏதோ பாரம்.

கதவு திறந்தது. தட்டும் கையுமாக ராத்தா!

"தம்பி, பேசிப்பேசி வாய் காஞ்சிருக்கும், இஞ்சி பிளேன்டீ கொண்டு வந்தேன். சத்தம் வரக்கூடாதுன்னு செருப்பைக்கூடக் கழட்டிட்டுத்தான் ஏறினேன்!"

அவன் அதை மொழிபெயர்த்ததும் மூன்று பேராசிரியர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரமே இடம் கிடைத்துவிட்டது.

கடிதத்தை முதலில் ராத்தாவிடம்தான் காட்டினான். "அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இதை இங்கேயே இருந்து படிக்க ஏலாதா, தம்பி?"

எனக்கும் கேட்க இருந்தது அதே கேள்விதான். "போய்த் தொலைடா, சனியன் விட்டது" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன்.