மரத்தை நம்பாத ஓடாவியார்

மனிதர்களைச் சந்தேகப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மரங்களைச் சந்தேகப்பட்டவர், எனக்குத் தெரிந்து, இந்த உலகத்திலேயே ஒருவர்தான். நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்கு நாலு வளவு தள்ளி, வாவிக்கரையில் கொட்டில் போட்டுத் தச்சுவேலை செய்பவர் அவர். கண்ணில் படும் மரச்சாமான் எதையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பதால் ஊர் அவருக்குத் தட்டு ஓடாவியார் என்று பெயர் வைத்தது. சொந்தப் பெயரைக் கேட்டால், "என்னத்துக்குக் கேக்கிற?" என்பார். கேட்டவனுக்கு அதோடு ஆசை விட்டுப் போகும்.

ஒரு செத்த வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் மெல்லப் போய்ச் சவப்பெட்டியைத் தட்டிவிட்டார். "தேக்கெண்டு சொல்லி ஏமாத்திப் போட்டானுகள். இது மாமரம்." செத்தவரின் மகன் அழுகையை நிறுத்திவிட்டு, பெட்டி செய்தவனுக்குப் போன் எடுக்கப் போனான்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் பேஸ் கிட்டார் செய்யக் கொடுத்தேன். வேறு வழியில்லை. கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் பத்து வருடமாக இரவல் கிட்டாரில் வாசித்தவன் நான். கிட்டாரின் சொந்தக்காரன் கனடாவுக்குப் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. நானோ இடது கைக்காரன். கடைக் கிட்டார் எனக்குச் சரிவராது. குழுவை நடத்தும் மாஸ்டர் ஈவிரக்கமில்லாமல் சொன்னார்: "திருவிழாவுக்குள்ள ஒரு பேஸோட வா. இல்லாட்டி கீபோட்காரன்ட ஒரு கை போதும், சமாளிக்கலாம்." முழு ஆளுக்குப் பதில் ஒரு கை! எனக்கு வேறு எந்த வேலையிலும் கெட்டித்தனம் கிடையாது. அந்த நாலு கம்பியும் போனால் நான் ஆருக்கும் தேவைப்படாதவன்.

மரம் தெரிவு செய்ய வாழைச்சேனையில் ஒரு மரக்காலைக்குப் போனோம். ஓடாவியார் தட்டினார், மோந்தார், ஒரு பலகையை நக்கியும் பார்த்தார். மரக்காலை நடத்தும் நானாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஓடாவியார், மரம் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?"

"பொண்ணெண்டா இவ்வளவு பார்க்கத் தேவல்ல. அது வாய் திறந்து பேசும்."

கடைசியில் கிட்டாரின் உடம்புக்கு மலைவேம்பு, பாரமில்லாதது. கழுத்துக்கு முதிரை, கம்பி இழுத்தாலும் வளையாதது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் ஆசையைச் சொன்னேன்: சிவப்பு நிறம் அடித்து, கண்ணாடி மாதிரி வார்னிஷ் பூச வேண்டும். அவர் என்னைக் கள்ளனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மினுங்கிற சாமானை நம்பாத மனே. கீழ என்னத்தையோ மறைக்கிறானுகள். நான் எண்ணெய் மட்டும்தான் போடுவன். மரத்தில ஓட்டை இருந்தா ஓட்டை தெரிய வேணும்."

உடம்பு வேலையைத் தொடங்கிவிட்டு, கழுத்துப் பலகையை என்னிடமே தந்தார். மரம் ஆறு மாதம் என் வீட்டுக் காற்றுக்குப் பழகிக் காய வேண்டுமாம். நான் பலகையை மாற்றிவிடக்கூடும் என்று இரண்டு முனையிலும் பென்சிலால் கையெழுத்து வேறு வைத்தார். கட்டிலுக்குக் கீழே வைத்தோம். வாரம் ஒருதரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். "புள்ள, மரம் நிம்மதியாக் கிடக்கா?" என் மனைவி ரோசலின் எனக்கு மட்டும் கேட்கும்படி, "இந்த மனிசனுக்குக் கழண்டு போச்சுப் போல" என்பாள்.

அவளுக்கும் பொறுமைக்கு எல்லை உண்டு. சும்மா கிடக்கிற பலகைதானே என்று ஒருநாள் அதை முற்றத்தில் போட்டு, உப்புத் தடவிய மீனை அடுக்கிக் கருவாடு காயவைத்துவிட்டாள். மூன்று நாள். நான்காம் நாள் ஓடாவியார் வந்தார். பலகையில் விரலை வைத்துத் தேய்த்து நாக்கில் வைத்தார்.

"உப்பு. இனி இது வாழ்நாள் முழுக்க ஈரம் இழுக்கும். கழுத்து வளையும்."

"வேற பலகை வாங்குவமா?"

"காய ஆறு மாசம் வேணும். திருவிழாவுக்கு ரெண்டு கிழமைதான் இரிக்கி." வாசலில் திரும்பி, "எனக்கு அப்பவே தெரியும், உங்கள நம்பப்படாதெண்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் மாஸ்டரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் கொட்டிலுக்கு வரச்சொல்லி ஓடாவியார் ஆள் அனுப்பினார். போனேன். முழுக் கிட்டார்! சந்தோசத்தில் ஒன்றும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் திருப்பிப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. கழுத்தின் பின்பக்கம் வரிசையாக நாலு சின்ன வட்டம். ஆணி ஓட்டைகளை மரத்துண்டால் அடைத்த அடையாளம். எண்ணெய் மட்டும் பூசியதால் பளிச்சென்று தெரிந்தது. எங்கேயோ பழைய மரத்தை எடுத்து என் தலையில் கட்டிவிட்டாரா? சண்டை பிடிக்கவென்றே அவர் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்குக் கதவில்லை. வாசலில் இரண்டு சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். அதன் பின்னால் குறுக்கே கட்டில், கட்டிலில் காவலுக்கு ஒரு பொல்லுத் தடி.

"கதவெங்க?"

"காத்து வரட்டுமெண்டு கழட்டின நான்."

"அந்த நாலு ஓட்டை?"

"கதவுப் பிணைச்சல் பூட்டின ஆணி ஓட்டை. நாப்பது வருசமா ஒவ்வொரு நாளும் தட்டிப் பார்த்திரிக்கன் மனே. இந்த ஊருக்குள்ள நான் நம்புற மரம் அது ஒண்டுதான்." பிறகு குரலை உயர்த்தினார். "நீ என்னத்துக்கு இப்ப வந்த? என்னச் சந்தேகப்பட்டா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

திருவிழாவில் வாசித்தேன். மாஸ்டர் முதல் பாட்டு முடிந்ததும் கீபோட்காரனைப் பார்த்து, "நீ உன்ட வேலையப் பாரு" என்றார். ஓடாவியார் கடைசி வரிசையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். மறுநாள் நானும் ரோசலினும் ஒரு புதுக் கதவு வாங்கிக்கொண்டு போனோம். அவர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "ஏமாந்து போனீங்க" என்றார். ஆனால் அதை வாசலில் பூட்டினார்.

எப்போதாவது வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகவேண்டி வந்தால், நான் அவரிடம்தான் கொடுப்பேன். என்னத்துக்குத் தாறாய் என்று ஆயிரம் கேள்வி கேட்பார், கேட்கட்டும்.