வேம்பாயியின் பதினோரு பிரேக்

ஒரு காட்டில், காடு என்றால் இருக்கவேண்டிய மிருகங்கள் போக, ஒரு நிர்வாகமும் இருந்தது. அந்த நிர்வாகத்தில் வேம்பாயி என்ற ஆட்காட்டிக் குருவி குளக்கரைக் காவல் பார்த்தாள். சிறுத்தை தெரிந்தால் கத்தவேண்டும். தண்ணீர் குடிக்கும் மான்கள் ஓடிவிடும். வேலை அவ்வளவுதான். அதற்குக் கரையில் நாலு முழம் சரளைத் தரையைக் குடியிருப்பாகக் கொடுத்திருந்தார்கள். ஆட்காட்டி தரையில் முட்டையிடும் இனம். அந்தச் சரளையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

வேலை நிரந்தரமில்லை. பதினோரு மாத ஒப்பந்தம். அது முடிந்ததும் ஒரு நாள் பிரேக். அந்த ஒரு நாள் அவள் யாரோ, காடு யாரோ. மறுநாள் புது ஆர்டர். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று பின்னால் அவள் சட்டம் பேசிவிடக்கூடாதல்லவா, அதற்கான ஏற்பாடு. நிர்வாக அதிகாரி நரியாரின் மூளையில் உதித்தது.

"அதெல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. நாளைக்கே ஆர்டர் வந்துரும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். வேம்பாயி நம்பினாள். நம்பியதோடு நின்றாளா? பிரேக் நாளிலும் கரையிலேயே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாள். அன்று பார்த்து ஒரு மான் செத்துவைத்தால் ஆர்டர் வராமல் போய்விடுமே என்ற பயம். இப்படியே பன்னிரண்டு ஒப்பந்தம், நடுவில் பதினோரு பிரேக் ஓடியது.

பன்னிரண்டாவதும் முடிந்தது. மறுநாள் ஆர்டர் வரவில்லை. குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம்தான் வந்தது. சரளையில் நாலு முட்டைகள் இருந்தன. பொரிக்க இன்னும் எட்டு நாள். வேம்பாயிக்குக் காலும் ஓடவில்லை, சிறகும் ஓடவில்லை.

தொழில் தகராறு மன்றத்துக்கு ஓடினாள். நடுவர் ஆமையார். கேள்வி சிக்கலானால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். அதனால் நடுநிலையானவர் என்று பேர். வேம்பாயிக்குச் சாட்சி சொல்லச் செம்பி என்ற கிழப் பெண்மான் வந்தாள்.

"இத்தனை வருசத்துல ஒரு உசுரு போகலைங்க. எல்லாம் இவ புண்ணியம்" என்றாள்.

நரியார் பணிவாக எழுந்தார். "அந்தப் பதினோரு பிரேக் நாள்ல?"

"அன்னைக்கும் போகலைங்க" என்றாள் செம்பி, பெருமையாக.

காவல் இல்லாத நாளிலும் மான் சாகவில்லை என்றால் காவலே தேவையில்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டுவிட்டு நரியார் உட்கார்ந்தார். வேம்பாயி பதறிப்போய், அந்த நாட்களிலும் நான்தான் கத்தினேன் என்றாள்.

ஆமையாரின் தலை முழுசாக வெளியே வந்தது. "ஆர்டர் இல்லாமலா கத்துனே?"

கத்தவில்லை என்றால் அவள் தேவையில்லை. கத்தினாள் என்றால் அனுமதியின்றி நிர்வாக எல்லைக்குள் கூச்சலிட்ட குற்றம். இரண்டில் எது வேண்டும் என்று அவளையே கேட்டார்கள்; அவ்வளவு நியாயமான மன்றம். ஆர்டர் வரும் என்று எதிர்பார்த்தது அவளுடைய சொந்த விருப்பம், அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று தீர்ப்பானது.

எட்டு நாள் அவகாசம் கேட்டு அழுதாள். கிடைக்கவில்லை. குடியிருப்பை அதிலிருந்த பொருள்களோடு நரியார் நேரில் வந்து பொறுப்பேற்றுக்கொண்டார். அன்று மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது என்றாராம், பாவி.

அடுத்த வாரமே குளக்கரையில் வரிசையாக மான்கள் செத்தன. நிர்வாகம் விழித்துக்கொண்டு அந்தக் காவலை நிரந்தரப் பணியாக்கியது. வேம்பாயியும் விண்ணப்பித்தாள். வயது கடந்துவிட்டது, அனுபவத்தில் பதினோரு இடத்தில் தொடர்ச்சியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வேலை நரியாருக்கு வேண்டப்பட்ட தவமணி என்ற கொக்குக்குப் போனது. தவமணி மீனைத் தவிர எதையும் பார்க்கமாட்டார். ஆனால் ஆடாமல் அசையாமல் நிற்பார். பார்ப்பவர்களுக்கு அது காவலாகவே தெரிந்தது. சிறுத்தையும் அதை நம்பிக் கொஞ்சம் தயங்கி, தினம் ஒரு மானோடு நிறுத்திக்கொண்டது.

வாரத்துக்கு ஒரு நாள் தவமணிக்கு விடுமுறை. அன்று அவர் கரைப்பக்கமே தலைகாட்டமாட்டார். அப்படி ஒரு நாளில் வேம்பாயி எதிர்க்கரைப் பாறையில் இருந்தாள். கீழே செம்பி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் புல் அசைந்தது. வேம்பாயி அலகைத் திறந்தாள். கையில் ஆர்டர் இல்லையே என்று நினைப்பு வந்தது. நெஞ்சு வலிக்க வலிக்க மூடிக்கொண்டாள்.

அன்று மட்டும் செம்பியோடு சேர்த்து மூன்று மான்கள் போயின. ஆய்வுக் குழு கூடிக் கணக்குப் பார்த்தது: தவமணி வந்த நாளில் ஒன்று, வராத நாளில் மூன்று. இப்பேர்ப்பட்ட காவலரை விட்டுவிடக்கூடாது என்று பொன்னாடை போர்த்தி, பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

நீதி: லீவு எடுத்தால் ஒழுங்காக எடு. நீ இல்லாத நாளில் நாலு பேர் செத்தால்தான் நீ வேலை பார்ப்பது மேலிடத்துக்குத் தெரியும்.