அந்தோணியாரின் இடது காது

ஓவியம் வரைகிறவன் எதைக் கூர்ந்து கூர்ந்து பார்க்கிறானோ, அதுவே ஒரு நாள் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். என்னைக் காட்டிக் கொடுத்தது எங்கள் அய்யாவின், அதாவது அப்பாவின், இடது காது. அதுவும் பாம்பன் கரையில், பாதிரியார் முன்னால், ஊரே கூடி நிற்கும்போது.

ஓவியக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்த காலம் அது. கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னையில் விளம்பரக் கம்பெனி, சினிமா செட் என்று போய்விட்டார்கள். நான் மட்டும் 'என் கலை என் கடலோரத்தில்தான் வளரும்' என்று அறிவித்துவிட்டுப் பஸ் ஏறினேன். (அப்படியேதான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.) கடலோரம் ஒன்றும் எனக்காகக் காத்திருக்கவில்லை. படகுக்கு நம்பர் எழுதுவது, ஐஸ் கம்பெனிச் சுவரில் விளம்பரம், கல்யாண மேடைக்கு மயில், இவ்வளவுதான் கிடைத்தது. மயிலாய் வரைந்து தள்ளினேன்.

இப்படியே போனால் கை கெட்டுவிடும் என்று பயம் வந்தது. தினம் ஒரு முகம், நேரில் பார்த்து வரைவது என்று சபதம் எடுத்தேன். சபதம் எடுத்தால் போதுமா, முகம் கிடைக்க வேண்டாமா? அம்மாவை உட்கார வைத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள். டீக்கடையில் ஒருத்தரை வரைந்தேன். "மீசைய இன்னுங் கொஞ்சம் பெருசா வச்சுக் குடு தம்பி" என்று மூன்று முறை திருத்தச் சொன்னார். கடைசியில் எனக்கு வாய்த்தவர் அய்யாதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து ஒரு மணி நேரம் தூங்குவார். பாம்பன் பாலமே ஆடினாலும் அவர் ஆடமாட்டார்.

பாவம், அவருக்கு இது தெரியாது. "படம் போட்டா ஒலை கொதிக்குமாலே?" என்பதுதான் ஓவியத்தைப் பற்றி அவருடைய ஒரே கருத்து. அதனால் அவர் கண்ணை மூடியதும் நான் நோட்டைத் திறப்பேன், அவர் கண்ணைத் திறந்ததும் நோட்டை மூடுவேன். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

வீட்டில் வரைய இடமில்லை. என் படங்கள் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்தன. ஒன்றை (நல்ல படம்!) அம்மா குளியலறைக் கதவு ஓட்டைக்கு வைத்து ஆணி அடித்துவிட்டாள். அம்மாவின் அண்ணன், என் மாமா, சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர். அவருக்குக் கரையில் ஒரு வலை அறை சும்மா பூட்டிக் கிடந்தது. வடக்குப் பார்த்த ஜன்னல், நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். அந்த ஜன்னலை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்த அறை கிடைத்தால் ஓவியனாகவே இருந்துவிடலாம், கிடைக்காவிட்டால் கடலாடியில் சித்தப்பா வைத்திருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய் உட்கார வேண்டியதுதான். வீட்டில் அப்படித்தான் முடிவாகியிருந்தது.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி வண்ணம் அடிப்பார்கள் அல்லவா, அப்போது மாமா கூப்பிட்டார்.

"ஏலே மருமவனே, எம் படகு முகப்புல அந்தோணியார வரைஞ்சு குடு. பாக்குறவன் கையெடுத்துக் கும்பிடணும். அப்பிடி வந்துச்சுன்னா ரூம் சாவி ஒனக்கு."

இதில் ஒரு சிக்கல். மாமாவும் அய்யாவும் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது. மாமா மகள் நிச்சயதார்த்தத்தில் எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டுக் குடும்பப் போட்டோ எடுத்தார்கள். அய்யா அந்த நேரம் பந்தியில் கறிவாளியோடு நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. "அந்த வீட்டுப் படத்துல நா இல்ல. அப்ப அந்த வீட்டுல எனக்கென்ன வேல?" என்று வந்தவர்தான். "சொந்த மச்சான் வீட்டுல கூப்புட்டாத்தான் ஏறணுமா?" என்பது மாமா கட்சி. அம்மா மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் குழம்புக் கிண்ணத்தோடு நடந்துகொண்டிருந்தாள்.

நான் வேலையை ஆரம்பித்தேன். மாதிரிக்கு அத்தை புனித அந்தோணியார் படம் போட்ட ஒரு காலண்டர் கொடுத்தாள். காலண்டரைப் பார்த்து வரைவதா? நானா? அதைச் சுருட்டி வைத்துவிட்டு, இரண்டு டிரம் மேல் பலகை போட்டு ஏறி, மூக்கு மரத்தில் இடிக்க இடிக்க வரைந்தேன். தூர நின்று பார்க்க வேண்டும் என்று முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இறங்கி ஏறச் சோம்பல். அந்தோணியாருக்கு உச்சியில் வழுக்கை, சுற்றிலும் வளையமாக முடி. கை தானாக ஓடியது. இதுதான் தெய்வ அருள் என்று நினைத்து எனக்குப் புல்லரித்துப் போனது.

முடித்ததும் வழக்கப்படி வெள்ளைத் துணியால் மூடினார்கள். படகை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு அன்று பாதிரியார் வந்தார், ஜெபம் சொன்னார், துணியை விலக்கி அதே வேகத்தில் தீர்த்தத்தைத் தெளித்தார். எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்கள். நானும் அப்போதுதான் முதல்முறையாகத் தூரத்திலிருந்து பார்த்தேன்.

ஆகா, அமைதி ததும்பும் முகம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அத்தையின் குரல் கேட்டது.

"ஏங்க, இது நம்ம சந்தியாகு அண்ணே மாதிரி இல்ல?"

சந்தியாகு எங்கள் அய்யா. அவருக்கும் அதே வழுக்கை, அதே வளைய முடி.

"சும்மா இருடி" என்றார் மாமா. பிறகு அவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். சின்ன வயதில் தூண்டில் முள் கிழித்து, அய்யாவின் இடது காது மடலில் ஒரு வெட்டு உண்டு. அந்தோணியாருக்கும் இருந்தது. அதே இடத்தில், அதே அளவில், நிழலெல்லாம் போட்டு. கண் வேறு பாதி மூடியிருந்தது. (மூன்று வருடமாக நான் பார்த்தது தூங்குகிற முகத்தைத்தானே!) கையில் குழந்தை இயேசு.

"பிள்ளையக் கீழ போட்ருவாரு போல இருக்கே" என்று யாரோ சொல்ல, கரையே சிரித்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

மாமா சுரண்டுகிற தகட்டை எடுத்து என் கையில் திணித்தார். "சொரண்டுலே! இப்பவே சொரண்டு!"

"மந்திரிச்சாச்சேப்பா" என்றார் பாதிரியார். எங்கள் கரையில் மந்திரித்த படத்தை அடுத்த தடைக்காலம் வரை தொடமாட்டார்கள்.

"அப்ப ஒரு வருசம் நான் இவரக் கும்பிட்டுட்டா சாமி கடலுக்குப் போகணும்?" என்று அலறினார் மாமா. பாதிரியார் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சாவி மாமாவின் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் மனதுக்குள் கடலாடி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

யாரோ புண்ணியவான் படத்தைப் போனில் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். சாயங்காலம் அய்யா, கோயிலுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார். நாலு வருடம் கழித்து அந்தப் படகுப் பக்கம் அன்றைக்குத்தான் வருகிறார். மாமா வலைக்குள் தலையைக் குனிந்துகொண்டார். அய்யா அவரைப் பார்க்காமல் முகப்புக்கு நேரே போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு கை தானாகத் தன் காதைத் தடவியது.

"ஏலே, இங்கன வா. இத எப்பப் பாத்த?"

"தினம் பாப்பேன்யா. நீங்க தூங்குறப்ப."

"தினமுமா?"

"ஆமாய்யா. மூணு வருசமா."

 எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. திட்டுவார் என்றுதான் நின்றேன்.

"கண்ணத் தொறந்து வச்சிருக்கலாம்ல" என்றார்.

அதற்கு மேல் மாமாவால் அடக்க முடியவில்லை. வலையை உதறிவிட்டு எழுந்தார். "போட்டோவுல விட்டுப் போச்சுன்னு நாலு வருசமா மொகத்தத் திருப்பிட்டுத் திரிஞ்சியே மாப்ள! இப்பத் திருப்தியா? படகு மேலயே ஏறிட்டியே!"

அய்யா திரும்பினார். "நானா ஏறுனேன் மச்சான்? ஒம் மருமவன்ல ஏத்துனான்."

அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டாள். கிளம்பும்போது மாமா சாவியை என் மேல் விட்டெறிந்தார். "கும்பிடுற மாதிரிதான வரையச் சொன்னேன்? கும்பிட வச்சிட்டல்ல, போ!"

இன்றும் அந்த வடக்கு ஜன்னல் அறையில்தான் வரைகிறேன். சென்னையிலும் மதுரையிலும் கண்காட்சி வைத்தாகிவிட்டது. வீட்டில் அதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. நான் எந்த முகத்தை வரைந்தாலும் அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இது யாரு வீட்டுக் காதுலே?"

அடுத்த தடைக்காலத்தில், காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூரப் போய்ப் போய்ப் பார்த்து, கண் திறந்த அழகான அந்தோணியாராக வரைந்தேன். மாமா வந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"யாருலே இது? காது முழுசா இருக்கு?"

திருத்தினேன். வருடா வருடம் அப்படித்தான். போன வருடம் மந்திரிக்க வந்தவர் ஊருக்குப் புதிதான பாதிரியார். தீர்த்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே உற்றுப் பார்த்தார். "அந்தோணியாருக்குக் காதுல என்னங்க காயம்?" என்று கேட்டார்.

மாமா பக்கத்தில் நின்ற அய்யாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "தூண்டி முள்ளு கிழிச்சது சாமி. எங்க அந்தோணியாரு சின்ன வயசுல கடலுக்குப் போனவரு."