உடன்படிக்கை அக்காவும் பூவரசங்குளத்துப் பிள்ளையின் போனும்

இணையக் குற்றங்களுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையைக் கோயில் ஒலிபெருக்கிக்குப் பொருத்திப் பார்த்த ஒரே மனிசி, உலகத்திலேயே எங்கள் உடன்படிக்கை அக்காதான். வவுனியாவில் நான் வேலை செய்யும் சட்ட உதவி அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை. அவருடைய உண்மையான பெயர் எங்களுக்கே மறந்துவிட்டது.

ஒருமுறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வாடகை வான் பிடித்துப் போயிருந்தோம். கூட்டத்தில் தவறிப்போன ஒரு பொடியனின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அக்கா நேரே அறிவிப்பாளரிடம் போய்விட்டார்.

“தம்பி, பிள்ளையின்ரை விபரத்தை ஏன் ஊருக்கெல்லாம் குடுக்கிறியள்? தனியுரிமை எண்டு ஒண்டு இருக்கெல்லே?”

“பெயர் சொல்லாட்டித் தாய் எப்பிடியக்கா வாறது?”

“சிவப்புச் சட்டைப் பிள்ளை எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

அந்த அப்பாவியும் சொல்லிவிட்டான். கோயிலுக்கு வந்த தாய்மாரில் பாதிப்பேர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். திரும்பி வரும்போது வானுக்குள் ஒருவரும் அவருடன் கதைக்கவில்லை. அவரோ ஓமந்தை வரைக்கும் எங்களுக்கு உடன்படிக்கையை விளக்கிக்கொண்டு வந்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் பூவரசங்குளத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவன் கலியாணம் செய்வதாகச் சொல்லி அவளுடைய அந்தரங்கப் படங்களை வாங்கியிருந்தான். இப்போது, சொன்னபடி கேட்காவிட்டால் அவற்றை ஊருக்கெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டினான்.

அக்கா அவளைப் பொலிசுக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். போனையும் கடவுச்சொல்லையும் தந்துவிட்டுப் போங்கள் என்றார் பொறுப்பதிகாரி.

“ஆள் வெளிநாட்டிலை, அம்மா. அந்த நாட்டுக்கு அனுப்ப எல்லா ஆதாரமும் வேணும்.”

“மிரட்டின செய்தியளை எடுங்கோ. கள்ளனைப் பிடிக்கிறதுக்குக் களவு குடுத்தவளின்ரை அலுமாரி முழுக்கக் கிண்டுவியளே?”

“சர்வதேச விதி அப்பிடி, அம்மா.”

“அதே உடன்படிக்கையிலைதான் மனித உரிமையைக் காக்கோணும் எண்டும் கிடக்கு. வாசிக்கட்டோ?”

வாசிக்கத் தொடங்கியும் விட்டார். அதிகாரி தொப்பியைக் கழற்றினார், கொட்டாவி விட்டார், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பெண் அதிகாரி வந்து, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, மிரட்டல்களை மட்டும் பிரதி எடுத்தார்.

சில மாதங்கள் கழித்து அந்த நாட்டில் அவனைப் பிடித்துவிட்டார்கள். செய்தி சொல்ல வந்த பிள்ளை தலையை நிமிர்த்தவேயில்லை.

“அந்தப் படங்களை நீங்களும் பாத்திருப்பியள், அக்கா. உங்கடை முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடக்கு.”

“நான் ஒண்டையும் பாக்கேல்லைப் பிள்ளை. எனக்கென்னத்துக்கு அது?”

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

இந்த மனிசி மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. சம்மதம் கேட்காமல் தொட்டதற்கும் ஒரு பிரிவு வாசிப்பார் என்று பயந்து, சீனி கொஞ்சம் கூடுதலாகப் போட்டு ஒரு தேத்தண்ணி கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.