குங்கிலியம் கட்டிப்பிடித்த மரம்

உடைந்தாலும் ஒழுகினாலும் வலித்தாலும் மருந்து ஒன்றுதான் என்று நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் தெமோதரைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்தார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் 'குங்கிலியம்'.

ஆற்றோரம் ஒரு பெரிய குங்கிலிய மரம் உண்டு. அதைக் கொத்திக் கொத்தி, வடிகிற வாசனைப் பிசினைப் பால்மா டின்னில் சேர்த்துக்கொண்டு திரிவார்.

"சளிக்குப் புகை போடுங்க தம்பி. புண்ணுன்னா நல்லெண்ணெயில காய்ச்சிப் பூசுங்க. தகரம் ஒழுகுனா உருக்கி ஊத்துங்க. மிச்சத்த பதுளைக் கடையில குடுத்தா சாமிக்குப் போயிரும்."

ஒருமுறை கணக்கப்பிள்ளைக்குப் பல்வலி. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவர் வழக்கமாகப் போடும் அதட்டல் அடுத்த மலைக்குக் கேட்கும். குங்கிலியம் சொத்தைப் பல்லில் பிசினை அடைத்துவிட்டு, "கொஞ்ச நேரம் இறுக்கிக் கடிச்சிக்கிட்டு இருங்க" என்றார். வலி போய்விட்டது. வாயும் திறக்கவில்லை. அன்று பெரட்டு கைச்சாடையில் நடந்தது. கொழுந்து எடுக்கப் போன பெண்கள் குங்கிலியத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கும் வைக்கலாமாண்ணே?" என்று கேட்டார்கள்.

அப்போதுதான் அந்த மரத்தை வெட்டத் தோட்டத்து மேனேஜர் தொரையிடமிருந்து உத்தரவு வந்தது. தேயிலைக்கு வெயில் விழவில்லையாம். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவன் ஆபீஸ் கிளாக்கரான நான்தான். அடித்த கையோடு அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் டின்னைக் கீழே வைத்துவிட்டு ஆற்றோரம் நடந்தார். அது எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் வாள் மெஷினோடு ஆட்களும் கடிதத்தோடு நானும் போனபோது குங்கிலியம் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார். உச்சி வெயில். அவர் கொத்திய காயங்களெல்லாம் இளகி வடிந்துகொண்டிருந்தன. தொரையே ஜீப்பில் வந்து இறங்கினார்.

"மரத்த விடுங்க."

"நான் எப்பவோ விட்டுட்டேங்க தொரை. அதுதான் என்னைய விட மாட்டேங்குது."

உண்மைதான். சட்டை, தாடி, இடது காது எல்லாம் ஒட்டியிருந்தன. ஆட்கள் இழுத்தார்கள். அவர் மரத்தின் சார்பில் அலறினார். கடைசியில் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து தேங்காயெண்ணெய் வந்தது. காதுக்கு அரைப் போத்தல், தாடிக்கு ஒரு போத்தல். சட்டைக்கு எண்ணெய் மிஞ்சவில்லை. தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் அதை அறுத்து அவரை வெளியே எடுத்தோம்.

தொரை சிரித்துச் சிரித்து ஜீப்பில் சாய்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அந்தக் கடிதாசியக் கிழிச்சிப் போடுங்க" என்றார். ஆபீஸ் வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. அங்கேயே கிழித்தேன்.

அடுத்த ஞாயிறு பதுளைக்குப் போய் குங்கிலியத்துக்கு நீலக்கோடு போட்ட சட்டை ஒன்று வாங்கினேன். "ஆளுக்கு என்ன அளவு?" என்று கடைக்காரர் கேட்டார். இரண்டு கைகளையும் விரித்து, அந்த மரத்தை அவர் பிடித்திருந்த மாதிரியே காட்டினேன்.