தகுதியிழந்தவரின் தகப்பன் எழுதுவது

அம்மருட், ஒஸ்லோ
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் முழங்கால் வலி குறையவும், அக்காவின் சீனி வருத்தம் ஒரு கட்டுக்குள் நிற்கவும் நல்லூரான் துணையிருப்பானாக. எங்கள் சுகத்தைக் கேட்டால், வீட்டுக்காரி யோகத்துக்கும் எனக்கும் உடம்பு சுகம், மனம்தான் ஓரிடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது. பேருந்து ஓட்டின காலத்திலாவது பின்பக்கம் இருக்கையில் பட்டது. ஓய்வு பெற்றபிறகு சமையலறைக்கும் பல்கனிக்கும் நடந்து நடந்து, "ஒண்டில் இஞ்சை இருங்கோ, இல்லாட்டி வெளியிலை போங்கோ" என்று யோகம் சொல்லிவிட்டாள். இதைத் தொலைபேசியில் சொல்லலாம்தான். சொன்னால் நீங்கள் பாதியில் அரசியலுக்குப் போய்விடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

விஷயம் மகன் கிருஷிகனைப் பற்றியது. அவன் இங்கே ஒரு பெரிய வங்கியில் வேலை என்று உங்களுக்குத் தெரியும், என்ன வேலை என்று போன மாதம்வரை எனக்கே தெரியாது. வட்டி மாற்று வியாபாரமாம். ஒருவன் நிலையான வட்டி கட்டுகிறவன், மற்றவன் ஏறி இறங்குகிற வட்டி கட்டுகிறவன், இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்வார்களாம், நடுவில் நின்று மாற்றிக் கொடுப்பது வங்கி. ஏன் மாறுகிறார்கள் என்று கேட்டேன். "பயத்திலை அப்பா" என்றான். சரி, பயத்தில் செய்கிற காரியங்கள் உலகத்தில் எத்தனையோ. பிள்ளையின் கெட்டித்தனத்தைப் பார்த்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு விற்கிற ‘மேசை’ என்கிற பிரிவுக்கு அவனை உயர்த்தினார்கள், நாங்களும் தெரிந்தவர் தெரியாதவருக்கெல்லாம் சொல்லிவிட்டோம், அப்போதுதான் வந்தது வினை. அமெரிக்கர்களுக்கு விற்பதென்றால் அமெரிக்கச் சட்டமாம். எப்போதாவது எந்த நாட்டிலாவது மோசடி, போலிக் கையெழுத்து என்று தண்டிக்கப்பட்டிருக்கிறீரா என்று படிவத்தில் ஒரு கேள்வி. இவன் ஓம் என்று போட்டுவிட்டான். நோர்வே பொலிஸ் தருகிற சான்றிதழில்கூட அந்தப் பழைய தண்டனை இப்போது இல்லை, இந்த நாடு மறந்துவிட்டது, இவன் மறக்கவில்லை. "ஏனடா உண்மையை எழுதினனி?" என்று கேட்டதற்கு, "இல்லை எண்டு போட்டால்தான் அப்பா பெரிய குற்றம், பிறகு ஒருத்தராலையும் காப்பாற்றேலாது" என்கிறான்.

அந்தப் பழைய கதை உங்களுக்குத் தெரியாது. தெரிய வைக்கவேண்டிய கதை என்று அப்போது நான் நினைக்கவில்லை. இங்கே எங்கள் வீடுகளில் தமிழ்ப் பிள்ளை நோர்வேஜிய மொழி வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற கடுதாசி எல்லாம் அதன் பொறுப்பு. வரி, வாடகை, பல்வைத்தியம், பாடசாலைக்குப் பெற்றோர் எழுதவேண்டிய பதில், எல்லாம் பிள்ளையே வாசித்து, பிள்ளையே நிரப்பி, நான் வேலையில் நின்றால் என் கையெழுத்தையும் பிள்ளையே போட்டுவிடும். என் பழைய டொயோட்டாவை விற்றபோதும் அப்படித்தான். வாங்கினவர் வந்த நேரம் எனக்குப் பின்னேர வேலை, கிருஷிகனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, என் பெயரை வடிவாகப் போட்டு விற்றுவிட்டான். பிறகு கார் குரோருட் ஏற்றத்தில் உயிரை விட, வாங்கினவர், கையெழுத்துப் போட்டது காரின் சொந்தக்காரர் இல்லை, விற்பனையே செல்லாது என்று பொலிசுக்குப் போனார். பொலிஸ்காரன் பத்திரத்தை நீட்டி, இது உன்னுடைய கையெழுத்தா என்று என்னைக் கேட்டான். அரிச்சந்திரன் பரம்பரை அல்லவா, இல்லை, என் மகன் போட்டது, என்னைவிட நன்றாகப் போடுவான் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற பிள்ளை தலை குனிந்தான். அடக்கம் என்று நினைத்தேன். அபராதத்தை ஒப்புக்கொண்டால் நீதிமன்றம் போகத் தேவையில்லை என்றார்கள், அவனும் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தான். அந்த வருஷம் அவன் தன் சொந்தப் பெயரில் வைத்த கையெழுத்து அநேகமாக அது ஒன்றுதான்.

இப்போது அவனுக்கு அமெரிக்கக் கடுதாசியில் பெயர் ‘தகுதியிழந்தவர்’. திரொண்ட்ஹைமில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கின பிள்ளை, அத்தான். அனுமதி வரும்வரை விற்கக்கூடாது, வாடிக்கையாளரோடு கதைக்கக்கூடாது, கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை கொடுத்து இருத்தியிருக்கிறார்கள். சம்பளம் வருகிறது, வேலை இல்லை. ஒவ்வொரு நாளும் முகம் சுண்டிப்போய் வருகிறான், என்னைக் குறை சொல்கிறானும் இல்லை, சொன்னாலாவது நான் இரண்டு வார்த்தை திருப்பிக் கதைத்திருப்பேன். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. இந்த மனிதரை இன்ன காரணத்துக்காக அனுமதிக்கலாம் என்று வங்கி விண்ணப்பம் அனுப்பவேண்டுமாம். அமெரிக்காவில் மறுத்தால் அந்த இடம் வேறு ஆளுக்கு, இவன் வேறு வேலை பார்க்கவேண்டியதுதான்.

விண்ணப்பத்தைத் தயாரிக்கிறது ஹரிப்ரியா என்று ஒரு கோயம்புத்தூர்ப் பிள்ளை. தமிழ்ப்பிள்ளை என்றதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. கிருஷிகனுக்குச் சொல்லாமல் தொலைபேசி எடுத்தேன். "டென்ஷன் ஆகாதீங்க அங்கிள், ப்ராசஸ் போயிட்டிருக்கு" என்றது. போகிற ப்ராசஸ் எங்கே போகிறது என்று பார்க்க, யோகம் பொரித்த ஆட்டிறைச்சி ரோல்சும் கையுமாக வங்கிக்கே போனேன். வெறுங்கையோடு ஒரு பெண்பிள்ளையைப் போய்ப் பார்க்கலாமா? அந்தப் பிள்ளை சைவமாம். அது மட்டுமில்லை, கோப்பு நடக்கிற நேரத்தில் கோப்புக்காரரின் தகப்பன் கொண்டுவந்த பொருள் என்று, வாங்கின அன்பளிப்புகளை எழுதுகிற புத்தகத்தில் ரோல்ஸைப் பதிந்துவிட்டது. "ரூல் அங்கிள், நான் என்ன பண்ணட்டும்" என்றது. கிருஷிகன் அன்று வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அப்பா, நீங்கள் இனி ஒண்டும் செய்யாதேங்கோ" என்றான்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் பழக்கவில்லை. விளக்கம் ஒன்று எழுதி இணைக்கவேண்டும் என்று கேள்விப்பட்டு, எங்கள் சமூகத்தில் தகப்பனுக்காகப் பிள்ளை கையெழுத்து வைப்பது கடமை, களவு இல்லை என்று விரிவாக எழுதி, ஆதாரமாக எங்கள் மாடிக் கட்டடத்தில் அப்படிக் கையெழுத்து வைக்கிற பிள்ளைகளின் பெயர்களையும் கதவு இலக்கங்களையும் சேர்த்து ஹரிப்ரியாவுக்கு அனுப்பினேன். அது பதறிப்போய் உடனே அழித்துவிட்டது. நான்தான் வாய் பொறுக்காமல், உங்கள் பிள்ளைகளின் பெயரையும் நல்ல இடத்தில் கொடுத்திருக்கிறேன் என்று மேல்மாடியில் சொல்லிவிட்டேன். மேல்மாடித் தர்மிகன் பொலிஸ் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறானாம், எனக்கு எப்படித் தெரியும்? அவன் தகப்பன் நான் நிற்கிற லிஃப்டில் இப்போது ஏறுவதில்லை. பட்டியலில் இருந்த அபிஷாவின் தாய், கோயிலில் யோகத்துக்குப் பக்கத்தில் இருந்தவள், எழும்பித் தூணடிக்குப் போய்விட்டாள்.

ஆகவே அத்தான், கடைசியாக உங்கள் காலடிக்கு வருகிறேன். பிள்ளையை நெடுங்காலம் அறிந்த, அதே வீட்டில் வசிக்காத, சமூகத்தில் மதிப்புள்ள ஒருவரின் நற்சாட்சிக் கடிதம் வேண்டுமாம். இளைப்பாறிய அதிபர், சமாதான நீதவான், உங்களைவிட யார்? உங்களிடம் கேட்பதாகக் கிருஷிகனுக்கும் சொல்லிவிட்டேன். மையில் கையெழுத்து வைத்து உங்கள் சீலும் குத்தி அனுப்புங்கள். பழைய மாணவர்களுக்கு எழுதுகிற மாதிரி ‘இவரை அறிவேன், தீங்கொன்றும் அறியேன்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். முக்கியமாக ஒன்றை அழுத்தி எழுதவேண்டும்: இந்தக் குடும்பம் பட்டுத் தெளிந்த குடும்பம், ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் வைக்கிற பழக்கம் இந்த வீட்டில் அடியோடு ஒழிந்துவிட்டது, தகப்பனே அதில் கண்ணும் கருத்துமாக இருக்கிறார். இது சத்தியம் அத்தான். பார்சல் வந்தால்கூட யோகத்தின் பெயருக்கு யோகம்தான் எழும்பிப் போகவேண்டும்.

அக்காவுக்கு என் அன்பு. முற்றத்து மாமரம் இந்த முறை காய்த்ததோ என்று யோகம் கேட்கச் சொன்னாள். பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லிவிடுங்கள். தங்கள் பேனாவில்தான் என் பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்கு அடங்கிய மைத்துனன்
இரவீந்திரன்

பி.கு.: இன்று வியாழக்கிழமை. மேலே உள்ளதை எழுதிவிட்டு முத்திரை வாங்கச் சோம்பி மேசையில் வைத்திருந்தேன். நேற்றுக் கிருஷிகன் வந்து, கடிதம் இந்தக் கிழமை முடிவதற்குள் கொடுக்காவிட்டால் கோப்பு அது இல்லாமலே போய்விடும், மாமாவின் கடிதம் எங்கே என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வந்துவிட்டது என்றேன். ஆகவே நீங்கள் இனி மினைக்கெட வேண்டாம் அத்தான், உங்கள் கடிதத்தை நானே எழுதிவிட்டேன். எங்கள் மகள் கஜேந்தினியின் கல்யாணத்துக்கு நீங்கள் அனுப்பின வாழ்த்து அட்டையைப் பார்த்துப் பழகினேன், உங்கள் கையெழுத்தில் அந்தக் கடைசிச் சுழிதான் கொஞ்சம் கஷ்டம், மற்றப்படி வந்துவிட்டது. உங்கள் சீல் என் பழைய பத்திரம் ஒன்றில் இருந்தது, அதை வெட்டி ஒட்டி ட்வெய்ட்டாவில் ஒரு கடையில் கலர்ப் பிரதி எடுத்து, இன்று காலை வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹரிப்ரியா வாசித்துவிட்டு, "மாமா ரொம்ப அழகா எழுதியிருக்கார் அங்கிள், எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. திங்கட்கிழமை அவருக்கு ஒரு கால் பண்ணி, அவர் போட்ட கையெழுத்துதானான்னு மட்டும் கேட்டுக்கிறேன்" என்றது. கிருஷிகனுக்கு ஒன்றும் தெரியாது, பல நாளைக்குப் பிறகு நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டான். வங்கியில் கதைக்கிறதெல்லாம் பதிவாகிறதாம், எங்கள் வீட்டுத் தொலைபேசியையும் நம்பமுடியாது என்றபடியால், திங்களுக்கு முன்னம் உங்கள் கையில் கிடைக்க, சனிக்கிழமை விமானம் ஏறி ஊருக்கு வருகிற எங்கள் கட்டடத்துத் தனுஷனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஹரிப்ரியா கேட்டால் ஓம் என்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கு வாயில் பொய் வராது என்று எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்குப் பொலிஸ்காரனிடம் எனக்கும் வரவில்லை, அதனால் வந்ததுதான் இவ்வளவும்.